எம்பிள்ளைக்கு சீட்டு கிடைக்குமா சார்? பிளஸ் டூ வீடுகளில் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். மே மாதம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஆடி மாதம் பிறக்கிற வரைக்கும் எங்கள் வீட்டு வராந்தாவில் யாராவது ஒருவர் மார்க் ஷீட்டோடு உட்கார்ந்திருப்பார். கருப்பட்டிக் காப்பி போட்டுப் போட்டு வீட்டுக்காரிக்கு அலுத்துவிட்டது. ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேட்பது எல்லாம் போன வருஷம் கேட்டதுதான். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பெரும்பாலும் இன்ஜினியரிங், கொஞ்சம் மருத்துவம். மற்றதைப் போகிற போக்கில் சொல்கிறேன்.

கட் ஆஃப் 178.5 சார். கிடைக்குமா?

எது? பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியை இப்படித்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் கல்லூரிகள் நானூறுக்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கில் இடம் காலியாகக் கிடக்கிறது. ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவு என்றால் கண்டிப்பாகக் கிடைக்கும், அதற்கு என்னிடம் வரவே வேண்டாம். கிண்டியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் பதில் வேறு, மதுரையில் சிவில் என்றால் வேறு, நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் மெக்கானிக்கல் என்றால் இன்னும் வேறு. கல்லூரி, பிரிவு, உங்கள் வகுப்பு (பி.சி., எம்.பி.சி. என்று), மூன்றும் சேர்ந்தால்தான் கேள்வி முழுதாகும்.

கணக்கு எப்படி என்று தெரியாதவர்களுக்கு: கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 88 என்றால் 92 + 42.5 + 44 = 178.5. தமிழும் ஆங்கிலமும் இதில் வராது. 2007இல் மாநில நுழைவுத் தேர்வை எடுத்த பிறகு இந்த 200தான் எல்லாம். '1200க்கு எவ்வளவு?' என்று கேட்கிற மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் காலம் போய்விட்டது, இப்போது மொத்தமே 600.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 181க்குக் கிடைத்தது. எங்களுக்கு 182. அப்போ உறுதிதானே?

இல்லை. மார்க் என்பது வருஷத்துக்கு வருஷம் நீளுகிற, சுருங்குகிற முழக்கோல். இந்த வருஷம் கணக்குக் கேள்வித்தாள் எளிதாக வந்திருந்தால் உங்கள் 182க்கு முன்னால் போன வருஷத்தைவிட ஆயிரம், இரண்டாயிரம் பேர் கூடுதலாக நிற்பார்கள். பார்க்க வேண்டியது ரேங்க்.

இதை நீட் தேர்வில் கண்ணால் பார்த்தோம். 2024இல் முதலில் வந்த முடிவில் 720க்கு 720 எடுத்தவர்கள் 67 பேர், திருத்தி வெளியிட்ட பிறகும் 17 பேர். அடுத்த வருஷம், 2025இல், இந்தியாவிலேயே முதலிடம் 686. 2024இன் மார்க்கை வைத்துக்கொண்டு 2025இல் அழுத வீடுகளை எனக்குத் தெரியும். பிள்ளை நன்றாகத்தான் எழுதியிருந்தது, அந்த வருஷம் எல்லோருக்குமே மார்க் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பழைய பட்டியல்களைப் புரட்டும்போது 2021ஐத் தள்ளி வையுங்கள். அந்த வருஷம் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், செய்முறை மார்க்குகளைக் கலந்து போட்ட மதிப்பெண். அதை எதனோடும் ஒப்பிட முடியாது.

அப்படியென்றால் வாய்ப்பை எப்படித்தான் கணக்குப் போடுவது?

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். மாநில இன்ஜினியரிங் கவுன்சிலிங்கான டி.என்.இ.ஏ.வின் இணையதளத்திலேயே முந்தைய வருஷங்களில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவும் எந்த வகுப்புக்கு எந்த ரேங்கில் முடிந்தது என்று கிடக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. உங்களுக்குப் பிடித்த முப்பது நாற்பது இடங்களை எழுதி, பக்கத்தில் உங்கள் வகுப்பின் கடைசி ரேங்கை மூன்று வருஷத்துக்கு எழுதுங்கள். உங்கள் ரேங்க் வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று வருஷமும் கடைசி ரேங்க் உங்களைத் தாண்டிப் போயிருக்கிறது என்றால் பச்சைக் கோடு. ஒரு வருஷம் தாண்டியது, இரண்டு வருஷம் உங்களுக்கு முன்னாலேயே முடிந்தது என்றால் நீலம். மூன்று வருஷமும் எட்டவில்லை என்றால் சிவப்பு, ஆனால் அதையும் அழிக்காதீர்கள், காரணம் கீழே வருகிறது. எண்கள் வருஷத்துக்கு வருஷம் எவ்வளவு தாவுகிறது என்பதையும் பாருங்கள். பெரிய கல்லூரிகளில் தாவல் குறைவு. நடுத்தரக் கல்லூரிகளில் ஒரு வருஷத்துக்கும் அடுத்ததுக்கும் பல ஆயிரம் ரேங்க் வித்தியாசம் வரும், அங்கே 'நிச்சயம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கம்ப்யூட்டர் பிரிவுகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்று இருந்த உச்சவரம்பை 2024-25லிருந்து தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய கவுன்சில் (ஏ.ஐ.சி.டி.இ.) எடுத்துவிட்டது, சில கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களை மளமளவென்று கூட்டின. இடம் கூடினால் கடைசி ரேங்க் பின்னால் போகும். ஆகவே அதற்கு முந்தைய எண்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அந்த வருஷத்து இட எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

ரேங்கைக் கணிக்கிற ஆப்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ரேங்க் லிஸ்ட் வரும் முன்னால் ஒரு குத்துமதிப்புக்குச் சரி. வந்த பிறகு எதற்கு?

ஒரே ஒரு மார்க்தானே, மறுகூட்டலுக்கு எதற்குப் போட வேண்டும்?

ரேங்க் லிஸ்டில் இரண்டு லட்சம் பேர் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் 80க்கும் 200க்கும் நடுவே பரவி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு கட் ஆஃப் மார்க்குக்குச் சராசரியாக 1,600 பேருக்கு மேல். கூட்டம் சேர்கிற இடத்தில் இன்னும் அதிகம். கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட் ஆஃபில் ஒன்று, இயற்பியலிலோ வேதியியலிலோ கூடினால் அரை. அதனால் முதலில் கணித விடைத்தாள் நகலை வாங்குங்கள், ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள், வாய்ப்பு இருந்தால் மறுமதிப்பீடு. நகலைப் பார்க்காமலே ஆத்திரத்தில் எல்லாப் பாடத்துக்கும் போடாதீர்கள்.

ஒரே கட் ஆஃபில் பல பேர் வந்தால் முதலில் கணித மார்க், அப்புறம் இயற்பியல், இன்னும் சில படி தாண்டி பிறந்த தேதி, எல்லாம் ஒன்றாக இருந்தால் கடைசியில் ரேண்டம் எண். ரேண்டம் எண் வெளியான அன்றைக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் கவலைப்படுகிறவர்களும் உண்டு, இரண்டுக்கும் அவசியம் இல்லை. அது வரைக்கும் போகிற ஆட்கள் மிகக் குறைவு.

சாய்ஸ் லிஸ்டில் கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்கிறதும் போய்விடாதா?

போகாது. இந்த ஒரு பயம்தான் நான் பார்த்ததில் அதிகச் சீட்டுகளைத் தொலைத்திருக்கிறது.

கணினி என்ன செய்கிறது என்றால், உங்கள் ரேங்க் முறை வரும்போது உங்கள் லிஸ்டை மேலிருந்து வாசிக்கிறது. முதலாவது காலியா? இல்லை. இரண்டாவது? இல்லை. பதினேழாவது? இருக்கிறது, கொடுத்துவிட்டது. முதல் பதினாறு இடங்களில் எட்டாததைப் போட்டதற்காக உங்களை யாரும் பின்னால் தள்ளுவதில்லை. எத்தனை இடம் வேண்டுமானாலும் போடலாம், வரம்பும் கிடையாது. அதனால் சிவப்புக் கோடு போட்டதை எல்லாம் மேலே வையுங்கள், ஆசை எந்த வரிசையோ அந்த வரிசை. நீலம் நடுவில். பச்சை கீழே, அதுவும் தாராளமாக.

இது எனக்கே தெரியாமல் இருந்த காலம் உண்டு. என் அக்கா மகளுக்கு நான்தான் லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். 'உறுதியாகக் கிடைக்கிறதை முதலில் போடு மக்ளே, மற்றதை அப்புறம் பார்க்கலாம்' என்றேன், பெரிய மனுஷன் மாதிரி. முதலாவது கிடைத்தது. முதலாவதுதான் கிடைத்துவிட்டதே, அதற்கு மேலே நகர இடமே இல்லை. கவுன்சிலிங் முடிந்து எண்கள் வந்தபோது பார்த்தால், அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் அவள் ரேங்குக்குப் பின்னால் இருந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் 'கணக்கு சார் வந்தாச்சு' என்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் பிள்ளை படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா?

கிடையாது. நம் மாவட்டத்தில் இதைச் சொல்கிறபோதுதான் முகங்கள் வாடுகிறதைப் பார்க்கிறேன். மிஷன் நடத்துகிறது, சங்கம் நடத்துகிறது என்று உதவி பெறும் பள்ளிகள் இங்கே எக்கச்சக்கம், ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, மதியச் சாப்பாடு அரசு கொடுக்கிறது, அதனால் 'அரசுப் பள்ளி மாதிரிதான்' என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. நடுவில் ஒரே ஒரு வருஷம் உதவி பெறும் பள்ளியில் இருந்தாலும் போச்சு.

மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021இல். இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தகுதி இருக்கிற பிள்ளை இந்த வரிசையில் தனி ரேங்க், பொது வரிசையில் வேறு ரேங்க், இரண்டிலும் நிற்கலாம். வாய்ப்பைக் கணிக்கும்போது இரண்டு எண்களையும் தனித்தனி நோட்டில் எழுதுங்கள், கலக்காதீர்கள். இரண்டு வரிசைக்கும் இடையில் தூரம் அதிகம். பொதுவில் சிவப்பாக இருக்கிற இடம் இதில் பச்சையாக இருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறதென்றால், அடுத்த பள்ளியை முடிவு செய்யும் முன்னால் இதை ஒரு தடவை யோசியுங்கள்.

நாங்கள் பி.சி. எங்களுக்கு 26.5 சதவீதம்தானா?

பொதுப் பட்டியல் 31 சதவீதம் எல்லோருக்குமானது. அதில் ரேங்க் எட்டினால் பி.சி. பிள்ளையும் அங்கேதான் உட்காரும். எட்டாதபோது பி.சி. 26.5. மற்றவை பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1.

சர்டிபிகேட்டில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் வகுப்புப் பட்டியலில் சில சமுதாயங்களுக்குப் பக்கத்தில் 'கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை வட்டம்' என்று தனியாகப் போட்டிருக்கும். ஒரே பெயர் இங்கே ஒரு பிரிவிலும் மற்ற மாவட்டங்களில் வேறு பிரிவிலும் வரும். கடற்கரையிலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார், அண்ணன் சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி, தம்பி சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி. கவுன்சிலிங் தொடங்க ஒரு வாரம். தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவைக்கும் நடந்தே அந்த வாரம் போனது. பிளஸ் ஒன் படிக்கும்போதே எடுத்துப் பாருங்கள்.

ஜே.இ.இ. (ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான தேர்வு), நீட் அகில இந்திய ஒதுக்கீடு என்று மத்திய அரசு பக்கம் போனால் பி.சி. சர்டிபிகேட் செல்லாது, ஓ.பி.சி. வேண்டும். அதில் கிரீமி லேயர், அதாவது வசதியான வீடுகளை விலக்குகிற வருமானக் கணக்கு உண்டு. ஜே.இ.இ.க்கு அந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கிற சில சமுதாயங்கள் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் பாருங்கள்.

களியக்காவிளைக்காரர் நாங்கள். பிள்ளை கேரளத்துப் பாறசாலையில் படித்தான். தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள், தமிழ்நாட்டுக்காரர் என்பதற்கான நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். எட்டிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குத்தான் அது தேவையில்லை. விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களில் பாதி வீடுகளுக்கு உறவு அந்தப் பக்கம், ரேஷன் கார்டு இந்தப் பக்கம். அதிகாரி கேட்கிற முதல் கேள்வி 'அப்பா எங்கே பிறந்தார்?' என்பதாக இருக்கும், அதற்கான காகிதத்தோடு போங்கள்.

உள்ளூர்க்காரன் என்பதால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் முன்னுரிமை உண்டா?

இல்லை. 2001இல் தொடங்கிய கல்லூரி, நம் மாவட்டத்தில் இருக்கிறது, நம் ஆஸ்பத்திரி, எல்லாம் சரி. ஆனால் இடம் மாநிலம் முழுவதற்குமான வரிசையில்தான் போகிறது. 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மீதி 85 மாநிலம். மாவட்டத்துக்கு என்று ஒரு இடம்கூட இல்லை. மாவட்டத்தின் தேர்ச்சி சதவீதம், 2011 கணக்கெடுப்பில் 91.75 என்று மாநிலத்தில் முதலாவதாக வந்த எழுத்தறிவு, எதுவும் உங்கள் பிள்ளைக்கு ஒரு ரேங்க்கூட முன்னால் தராது.

நீட் மார்க்கை வைத்து மருத்துவத்துக்கு வாய்ப்பு எப்படிப் பார்ப்பது?

மார்க்கை வைத்துப் பார்க்காதீர்கள் என்று மேலே எழுதியதுதான். அகில இந்திய ரேங்கும் மாநில ரேங்கும் வேறு வேறு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலப் பட்டியலில் உங்கள் வகுப்புக்குள் எத்தனையாவது ஆள் என்று எண்ணி, போன வருஷம் அந்த வகுப்பில் அரசு இடம் எத்தனையாவது ஆளோடு முடிந்தது என்று பார்த்தால் போதும். புதுக் கல்லூரி திறந்தாலோ இடம் கூடினாலோ கோடு கொஞ்சம் பின்னால் போகும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்று கிளம்புகிறவர்களுக்கும் நீட் தகுதி கட்டாயம். அது தேவையில்லை என்று சொல்கிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைக்குக் கட் ஆஃபில் ஏதாவது கூட்டிக் கொடுப்பார்களா?

சமன் செய்கிற முறை ஒன்று இருக்கிறது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் அதிகபட்சம் 100, வேறு வாரியத்தின் அதிகபட்சம் 90 என்றால் அந்த 90ஐ 100 ஆக எடுத்து மற்றதை அதே விகிதத்தில் உயர்த்துவார்கள், அங்கே 60 வாங்கியவருக்கு 66.66. இரண்டு பக்கமும் யாராவது ஒருவர் 100 வாங்கிவிட்டால் கூடுவதற்கு ஒன்றும் இல்லை, பெரும்பாலும் யாராவது வாங்கிவிடுகிறார்கள்.

என்.ஐ.டி., ஐ.ஐ.டி. எல்லாம் நம் பிள்ளைகளுக்கு எட்டுமா?

ஜே.இ.இ. மெயின் ரேங்கில் திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு. அதனால் மற்ற என்.ஐ.டி.க்களைவிட நமக்கு அங்கே வாசல் கொஞ்சம் அகலம். 'மாநிலம்' என்பது பிளஸ் டூ எழுதிய மாநிலம் என்பதை மறக்க வேண்டாம், கேரளத்தில் எழுதினால் கோழிக்கோடுதான் உங்கள் வீட்டு என்.ஐ.டி. பிளஸ் டூவில் 75 சதவீதம், இல்லையென்றால் உங்கள் வாரியத்தின் முதல் 20 பெர்சென்டைலுக்குள், எஸ்.சி., எஸ்.டி.க்கு 65. மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்தவர்கள் ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு எழுதலாம்.

நம் ஊரில் அதிகம் பேசப்படாத இரண்டு இடங்களைச் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேருகிற தூரத்தில் திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் விண்வெளித் துறையின் கல்லூரியான ஐ.ஐ.எஸ்.டி., ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்கில் சேர்க்கிறார்கள். அதே பக்கம் விதுராவில் மத்திய அரசின் அறிவியல் படிப்பு நிறுவனமான ஐசர், அதற்குத் தனித் தேர்வு. அறிவியல் பிடித்த பிள்ளைக்கு நான் இன்ஜினியரிங்குக்கு முன்னால் இவற்றைத்தான் சொல்வேன். எங்கள் பள்ளியில் பத்து பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் ஐசர் பெயரையே கேட்டதில்லை.

முதல் பட்டதாரி சர்டிபிகேட் இருந்தால் ரேங்க் கூடுமா?

கூடாது. அது கட்டணச் சலுகை மட்டும். ஆனால் வாங்கி வையுங்கள்.

ஒரு வருஷம் வீட்டில் இருந்து திரும்ப எழுதட்டுமா?

நீட்டுக்கு என்றால், பிள்ளை எவ்வளவு தூரத்தில் நின்றது என்று பாருங்கள். நூறு ரேங்கில் விட்டதும் இருபதாயிரம் ரேங்கில் விட்டதும் ஒன்றல்ல. எந்தப் பாடத்தில் விட்டது என்று பிள்ளையே சொல்ல முடிகிறதா என்றும் கேளுங்கள். சொல்ல முடிந்தால் யோசிக்கலாம். 'எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்' என்று வந்தால் எனக்குத் தயக்கம்தான். ஜே.இ.இ. அட்வான்ஸ்டுக்கு அடுத்தடுத்த இரண்டு வருஷம், இரண்டு தடவைதான். இன்ஜினியரிங் கட் ஆஃபை உயர்த்துவதற்காக ஒரு வருஷம் நிற்பது என் பார்வையில் வீண்.

ஒரு கல்லூரி இப்போதே பணம் கட்டி ஒரிஜினலைக் கொடுத்தால் சீட்டு உறுதி என்கிறது.

ரேங்க் லிஸ்டே வராதபோது உங்களை அவசரப்படுத்துகிறது என்றால், லிஸ்ட் வந்த பிறகு நீங்கள் அங்கே போக மாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சிலிங்குக்கு வெளியே, அங்கே சேர்வது உங்கள் விருப்பம். ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லிவிட்டது. நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள்.

இடம் கிடைத்தது, ஆனால் லிஸ்டில் மேலே இருந்தது கிடைக்கவில்லை. இப்போது என்ன அமுக்க வேண்டும்?

கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே காலியானால் நகர்வது என்று ஒரு விருப்பம் இருக்கிறது, 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்'. பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரி. மேலே நகர்ந்தால் கீழே இருந்தது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் வரிசையை ஆசைப்படி வைக்கச் சொன்னேன், உண்மையில் பிடிக்காத ஒன்று மேலே இருந்தால் அங்கே தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடும். 'டிக்லைன்' என்று தொடங்குகிற எதையும் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இல்லாமல் அமுக்காதீர்கள்.

உறுதி செய்ய நாட்கள் குறைவு, ஓ.டி.பி. பதிவு செய்த போன் எண்ணுக்கு வரும். அப்பா கடலுக்குப் போகிறவர் என்றாலோ வளைகுடாவில் இருக்கிறார் என்றாலோ அவர் எண்ணைக் கொடுக்காதீர்கள், ஜூலையில் வீட்டில் இருக்கிற ஆளின் எண்ணைக் கொடுங்கள்.